சஹனும் சுக்கானும்

தொப்பி ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் நின்றால் கொளவாய் ஏரி காலடியில் கிடக்கும். ஆடிக் காற்று. பாய் பிளாட்பாரத்தின் ஓரத்துக்கு வந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்று அவருடைய சிவப்புத் துருக்கித் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைத்தது. எறியவில்லை, பதமாக வைத்தது. கறுப்புக் குஞ்சம் கொடி மாதிரி ஒரு பக்கம் சாய, தொப்பி நிமிர்ந்தபடியே மிதந்து நகர்ந்தது. நாங்கள் கரைக்கு ஓடினோம்.

"எறங்கி எடுக்கட்டுமா பாய்?"

"இரு மச்சான். இன்னா ஜோரா போவுது பாரு!"

இன்னொருவராக இருந்தால் தலையைத் தடவிக்கொண்டு வருத்தப்பட்டிருப்பார். இவர் இரண்டு கையையும் வாயருகில் குவித்து, "ஏய், வா இங்க!" என்று ஏரியைப் பார்த்துக் கத்தினார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பி மட்டும் திரும்பவில்லை.

"கயிறு கெடையாது, கம்பி கெடையாது. கூப்ட்டா திரும்பி வரணும். அப்டி ஒண்ணு பண்ண முடியுமா, முடியாதா? காலேஜு படிக்கிறவன் நீ, சொல்லு."

"முடியும்," என்றேன். அந்த வாரம்தான் கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ரேடியோ அலையால் ஓட்டும் பொம்மைப் படகைப் பற்றிப் படித்திருந்தேன். கரையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், படகுக்குள் ஒரு ரிசீவர், சுக்கானைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கேட்டார். ரயில் வருவதற்குள் படகின் நீளம், நிறம், முதல் ஓட்டத்துக்கு யாரை எல்லாம் கூப்பிடுவது என்பது வரை முடிவாகிவிட்டது. தொப்பி எப்போது அமிழ்ந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அவர் பேரைச் சொல்லப்போவதில்லை. பஜாரில் யாரும் சொன்னதும் இல்லை. அவர் பாய். அவருடைய அண்ணன் பெரிய பாய். அவ்வளவுதான். கடை அண்ணனுடையது. முன்பாதியில் இரும்புப் பெட்டியும் லாந்தர் விளக்கும் விற்பனை. பின்பாதியில் தம்பியின் ரேடியோ ரிப்பேர். நான் படாளத்துக்காரன், வீட்டில் நெல்லும் கரும்பும். ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். திரும்பும்போது படாளத்துக்கு பஸ் கிடைக்கும்வரை அந்தப் பின்பாதிதான் என் இருப்பிடம்.

இப்போது பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருக்கிறேன். இங்கே ஆளுக்கு ஒரு மேஜை, ஆளுக்கு ஒரு விளக்கு, ஆளுக்கு ஒரு ஸ்குரூடிரைவர். அதன்மேல் பேர் வேறு செதுக்கியிருக்கிறார்கள். பாய் இதைப் பார்த்தால் தாங்கமாட்டார். எதையும் தனக்கென்று தனியாக வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. பிறவியிலேயே அந்த நரம்பை விட்டுவிட்டார்கள்.

டீ வந்தால் எதிரில் இருப்பவருக்குத் தம்ளரில் பாதி, தனக்கு வட்டாவில் பாதி. மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றால் வட்டாவை அவரிடம் நீட்டிவிட்டு, "எனக்கு இப்பதான் ஆச்சு," என்பார். மழை பெய்தால் அவர் குடைக்குள் நான்கு பேர் வருவார்கள். நான்கு பேரும் நனைவார்கள். "தனியா நனையறதுல இன்னா சொகம் கீது?" என்பார். பக்கத்து ஜவுளிக் கடைக்காரர், "பாய்கிட்ட ஜுரம்கூட தங்காதுடா, யாருக்காச்சும் குடுத்துடுவாரு," என்று கல்லாவில் உட்கார்ந்தபடி சொல்வார். பாய் வீட்டில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். சஹன் என்று அதற்குப் பேர். சேர்ந்து சாப்பிட்டால் பரக்கத், அதாவது இருப்பது பெருகும் என்று ஒரு நம்பிக்கை. மற்றவர்கள் அதைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பாய் அதை மின்சாரத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஸ்பீக்கர் விவகாரத்தைச் சொன்னால் புரியும். கடையில் நல்ல ரேடியோ ஒன்று இருந்தது. சாயங்காலப் பாட்டுக்கு ஜவுளிக் கடைக்காரர் வந்து நிற்பார், டீக்கடைக்காரர் வந்து நிற்பார். "அவுங்க ஏன் எழுந்து வரணும்?" என்று பாய் கம்பி இழுத்து ஜவுளிக் கடையில் ஒரு ஸ்பீக்கர் வைத்தார். பிறகு டீக்கடையில். பிறகு சைக்கிள் கடை. பிறகு நாட்டு மருந்துக் கடை. ஒவ்வொரு ஸ்பீக்கர் சேரச் சேர எல்லாக் கடையிலும் சத்தம் தேய்ந்தது. கடைசியில் பஜார் முழுக்க ஆளுக்கு ஒரு ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தருக்கும் பாட்டு கேட்கவில்லை, கொசு முனகுவது மாதிரி ஏதோ கேட்டது. பாய் நடுத்தெருவில் நின்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாருக்கும் கிடைக்குதுல்ல?"

"கிடைக்குது பாய். ஆனா இன்னா கிடைக்குதுன்னுதான் தெரியல," என்றார் டீக்கடைக்காரர்.

பெரிய பாய்க்குப் பொறுத்துப் பொறுத்துப் பொறுமை போயிற்று. ரேடியோ ரிப்பேருக்கு வருகிறவர்கள் டீ குடித்துவிட்டு, பாட்டு கேட்டுவிட்டு, பாயின் சிகரெட்டையும் பங்கு போட்டுக்கொண்டு போவதை முன்பாதியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பியின் மாமனாருக்கு வாணியம்பாடியில் தோல் மண்டி. நம்பகமான ஆள் ஒருவர் வேண்டுமென்று அவர் சொல்லிவிட்டிருந்தார். படகு வேலை தொடங்கியிருந்த சமயத்தில் ஒரு நாள் பெரிய பாய் பின்பாதிக்கே வந்துவிட்டார். சாலிடர் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"இத மூடப் போறேன். நீ வாணியம்பாடிக்குப் போ. உனக்கும் டப்பு, எனக்கும் நிம்மதி."

"அண்ணே, தோல் நாத்தத்துல நான் செத்துருவேன்."

"இங்க மட்டும் இன்னா, அத்தர் மணக்குதா?"

பாய் மேஜைமேல் இருந்த பாதிப் படகைக் காட்டினார். "இது தண்ணியில போய், திரும்பி, ஆள் எறங்காம எங்கிட்ட வந்து சேரும். வந்துச்சுன்னா?"

பெரிய பாய் படகைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வந்துச்சுன்னா இந்தப் பாதி ஒனக்கு. யாராச்சும் முட்டி நனைய எறங்கி எடுத்தா, அடுத்த ரயில்ல வாணியம்பாடி. பேச்சு ஒண்ணுதான்." அவர் குரல் எப்போதும் முன்பாதிக்கும் கேட்கும். ஜவுளிக் கடைக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது.

படகும் பாயைப் போலத்தான். உடம்பு நான் முருக்க மரத்தில் குடைந்தது. முருக்க மரம் தக்கை மாதிரி லேசு. பின்னால் சுற்றும் காற்றாடி சைக்கிள் கடைக்காரர் பித்தளைத் தகட்டில் வெட்டியது. மேல்கூண்டு டீக்கடையின் பால் டின். ஜவுளிக் கடைக்காரர் பட்டுத் துணியில் கொடி கொடுத்தார். நாட்டு மருந்துக் கடைக்காரர் எதுவும் இல்லாமல் தவித்துவிட்டு, கண் திருஷ்டிக்குப் படிகாரம் ஒரு கட்டி கட்டினார். வால்வும் ரிலேயும் மூர் மார்க்கெட்டில் ராணுவத்தார் கழித்துப்போட்ட குவியலில் இருந்து கிடைத்தவை. டிரான்ஸ்மிட்டருக்கு லைசென்சு வந்ததும் பாய் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அதில் தன் பேர் மட்டும் இருப்பதில் அவருக்குக் குறைதான்.

பொத்தானை ஒரு அழுத்து அழுத்திப் பிடித்தால் சுக்கான் வலப்பக்கம், இரண்டு அழுத்துக்கு இடப்பக்கம், விட்டுவிட்டால் நேர். அதுவரை எங்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை பாட்டரியில் வந்தது.

படகில் மூன்று சாப்பாட்டு ராமன்கள். காற்றாடி மோட்டார், சுக்கான் மோட்டார், ரிசீவரின் வால்வு. பாய் ஒரே ஒரு ஆசிட் பாட்டரியை நடுவில் வைத்து மூன்றையும் அதிலேயே கட்டினார். வால்வுக்கு மட்டும் அதில் ஓர் அறையில் இருந்து, ஒரு கம்பிச் சுருள் வழியாகக் குறைத்துக் கொடுத்தார். வால்வுக்கு இன்னொரு உயர்ந்த வோல்ட் பாட்டரியும் வேண்டும். அதற்கு வேறு வழியில்லாததால் தனியாக வைத்தார், அதுவும் முனகிக்கொண்டே.

"பாய், ரிசீவருக்குத் தனியா வெச்சிடலாம். பத்திரிகையில அப்படித்தான் போட்டிருக்கு. மோட்டார் இழுத்தா பாட்டரி வோல்ட் எறங்கும். பாட்டரிக்குள்ளேயே ஒரு தடை இருக்கு."

"பெரிய பாட்டரி மச்சான் இது. மூணு பேருக்கும் தாராளம். ஆளுக்கு ஒண்ணுன்னு அடுப்பு மூட்டினா அது குடும்பமா? பாரம் வேற."

"குடும்பம் இல்ல பாய், சர்க்யூட்டு."

"எல்லாம் ஒண்ணுதான்."

மேஜைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். காற்றாடி உறுமியது, சுக்கான் வலம் போனது, விட்டால் நேரானது, இரண்டு அழுத்துக்கு இடம் போனது. ஒரு பிசகு இல்லை. எத்தனை தடவை அழுத்தினாலும் இல்லை. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். என் கையில் பத்திரிகை இருந்தது, அவர் கையில் ஓடுகிற படகு இருந்தது.

ஏரிக்கரையில் அன்று பாதி பஜார். பாய் ஒரு புதுத் தொப்பியோடு, பிஸ்மில்லாஹ் என்று சொல்லிப் படகை விட்டார். அது கிளம்பிய அழகைப் பார்க்க வேண்டுமே! மூக்கைத் தூக்கிக்கொண்டு, பட்டுக்கொடி படபடக்க, நேராகப் போயிற்று. "திருப்பறேன் பாருங்க," என்று அறிவித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். படகு வலப்பக்கம் திரும்பியது. ஹோ என்று கூச்சல். பொத்தானை விட்டார். படகு இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தது. இரண்டு அழுத்து அழுத்தினார். வலம்தான். பத்து அழுத்தினார். வலம்தான். கரையில் இருந்து பார்க்க ஒரே அளவு வட்டம், காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி.

"இன்னா பாய், செக்குமாடு வாங்கி வுட்டுட்டியா?"

"எண்ணெய் எப்ப எறங்கும் அண்ணாத்த? வூட்ல சொம்பு கொண்டாரச் சொல்லட்டா?"

படகு சளைக்காமல் சுற்றியது. பெரிய பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துணி வெளுக்க வந்த ஒருவர் பரிதாபப்பட்டு, யாரும் சொல்லாமலே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு வந்து பாய் கையில் கொடுத்தார். "புடி பாய், குளிர்ல வெறச்சிப் போயிருக்கும்," என்றார். அவருக்குப் பந்தயம் தெரியாது.

"முட்டி இல்ல, இடுப்பே நனஞ்சிடுச்சு," என்றார் பெரிய பாய். ஆனால் தம்பி முகத்தைப் பார்த்து ஒரு படி இறங்கினார். "புதுப்பட்டினத்துல சம்பந்தி வூட்ல கல்யாணம் வருது. போய்ட்டு வர்ற வழியில மாவலிவரம். அங்க கால்வாயில இன்னொரு தபா வுடு. அதான் கடைசி."

பாய்க்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது, ஆனால் அவரிடம் எடுபடவில்லை. மறுபடி மேஜைமேல் வைத்தால் மறுபடி பிசகில்லாமல் ஓடியது. "பாத்தியா? இங்க ஓடுது. ஏரித் தண்ணியில ஏதோ கீது," என்றார். ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார் என்று சொன்னால் நம்புங்கள்.

புதுப்பட்டினத்துக் கல்யாணத்துக்கு என்னையும் படகையும் இழுத்துக்கொண்டு போனார். பந்தலில் நீளமாக விரிப்பு. ஒவ்வொரு சஹனுக்கும் நான்கு பேர். எங்கள் சஹனில் பாய், நான், உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மதுராந்தகத்து நெல் வியாபாரி ஒருவர். வாத்தியாருக்குப் பல்வலி. ஒரு பக்கமாக, ஒவ்வொரு பருக்கையாக மென்றார். நெல் வியாபாரிக்கு மலைபோல் உடம்பு, அதற்குத் தகுந்த கை. எல்லாரும் அவரை மாமு என்றார்கள்.

சோறு குவித்து, மேலே கறி வைத்துக் கொண்டுவந்தார்கள். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாமு பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிட்டார், வாத்தியாரும் மென்றார். பிறகு கறியின் ருசி மாமுவுக்குப் பிடிபட்டது. சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு நடுவில் தோண்ட ஆரம்பித்தார். தோண்டத் தோண்ட எங்கள் பக்கத்துச் சோறெல்லாம் சரிந்து அவரிடம் போயிற்று. நானும் பாயும் ஏதோ எட்டிப் பிடித்துக்கொண்டோம். வாத்தியார் கையைத் தட்டுக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வெள்ளையாகத் தட்டுதான் தெரிந்தது. யாரோ அவரிடம் மணமகனைப் பற்றி ஏதோ கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

பாய் சாப்பிடுவதை நிறுத்தினார். வாத்தியாரின் கையையே பார்த்தார். பிறகு மாமுவின் கையை. பிறகு என்னை.

"மச்சான்," என்றார், குரல் கம்மி. "ரிசீவரு பட்டினி கெடக்குது."

"அதத்தான் பாய் நான்..."

"நீ தடைன்னு சொன்ன. பசின்னு சொன்னியா?" அவர் கண் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. "மேஜமேல மோட்டாரு காத்துல சுத்துது. காத்துல இன்னா பசி? தண்ணியில எறங்கினாத்தான் அதுக்குப் பசி. போகப்போக எல்லாத்தையும் இழுத்துக்குது. வாத்தியாரு காது அடைஞ்சு ஒக்காந்துடறாரு. பொத்தான வுட்டாலும் அவுருக்குக் கேக்கல, அழுத்தினாலும் கேக்கல!"

சொல்லிவிட்டு எழுந்து நின்று, பந்தலுக்கே கேட்கிற மாதிரி, "இங்க இன்னொரு சஹன் கொண்டாங்க! வாத்தியாருக்குத் தனியா!" என்றார்.

பந்தல் முழுக்கத் தலைகள் திரும்பின. கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்த சஹனில் ஒருவருக்குத் தனித்தட்டு கேட்பது என்றால், கூட இருப்பவர்களின் கையோடு கை வைக்கப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. அதை வேறு யார் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. கேட்டது பாய்! வாத்தியார் பயந்துபோய், "எனக்கு வேணாங்க, வேணாங்க," என்றார். பெரிய பாய் மூன்று சஹனைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாடா இது? சம்பந்தி வூட்ல மானத்த வாங்கறே?"

"அண்ணே, மாமு சாப்புடறது தப்பில்ல. அவுரு பசி அவுருக்கு. வாத்தியாரு மெல்றதும் தப்பில்ல. ரெண்டு பேரையும் ஒரே தட்டுல ஒக்கார வெச்சதுதான் தப்பு. விரிப்பு ஒண்ணா இருக்கட்டும். சோறு தனியா இருக்கட்டும்."

மாமு கையில் எலும்போடு ஒரு கணம் யோசித்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். "தம்பி சொல்றது நெசம்தான்! எனக்கே நாலு பேரோட ஒக்காந்தா கை கூசுது. வாத்தியாருக்கு ஒண்ணு கொண்டாங்க. அப்டியே எனக்கும் ஒண்ணு!"

பந்தல் சிரிப்பில் பிய்ந்தது. வாத்தியாருக்குத் தனிச் சஹன் வந்தது. பாய் அதற்குமேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. விரல் நுனியால் விரிப்பின்மேல் கம்பிகள் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றில் இருந்து ரிசீவருக்கு வாத்தியார் என்றும் காற்றாடி மோட்டாருக்கு மாமு என்றும் பேராயிற்று. கல்யாண வீட்டின் பின்கட்டிலேயே பிரித்துக் கட்டினோம். வாத்தியாருக்குப் பெரிய டார்ச் செல் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். சுக்கான் மோட்டாருக்குத் தனியாக ஒரு தட்டைப் பாட்டரி. ஆசிட் பாட்டரி முழுக்க மாமுவுக்கு. ரிலே வாத்தியாருக்கும் சுக்கான் மோட்டாருக்கும் நடுவில் வாசல்காரன் மாதிரி. வாத்தியார் சைகை காட்டினால் அது சுக்கான் மோட்டாரின் கம்பியைச் சேர்க்கும், விட்டால் பிரிக்கும். இந்தப் பக்கத்து மின்சாரம் அந்தப் பக்கத்தைத் தொடாது. மோட்டாரின் கரித்துண்டில் பறக்கும் பொறி வாத்தியார் காதில் கரகரக்காமல் இருக்க நான் ஒரு கண்டென்சர் வைத்தேன். இனிமேல் ஒரு சட்டம் என்றார் பாய்: முதலில் வாத்தியாருக்குச் சுவிட்ச், பிறகுதான் மாமுவுக்கு.

படகு பாரம் தாங்கவில்லை. விளிம்பு வரை அமிழ்ந்தது. எதையாவது கழற்ற வேண்டும். பால் டின் கூண்டு, கொடிக்கம்பம், படிகாரம். பாய்க்கு அதுதான் பெரிய வேதனை. ஒவ்வொன்றும் ஒருவர் கொடுத்தது. படகு விடும் நாள் காலையில் பஜார்க்காரர்கள் மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்க இறங்க, ஒவ்வொருவரிடமும் போய் அனுமதி கேட்டார். "உன் டின்ன எறக்கி வெச்சுட்டேன், கோச்சுக்காதே." டீக்கடைக்காரர், "போட்டு போனா போதும் பாய், டின்னு இன்னா டின்னு," என்றார். படிகாரத்தை மட்டும் பாய் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊருக்குப் பின்னால் கால்வாய். உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு படகுகள் மெட்ராஸ் போகும் வழி. இரு கரையிலும் ஆட்கள். பெரிய பாய் எங்களிடம் இருந்து சற்றுத் தள்ளி, தண்ணீர் ஓரமாக வந்து நின்றார். அன்றைக்குத் துணி வெளுப்பவர்கள் யாரும் இல்லை என்பதை நான் இரண்டு தடவை பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

"வாத்தியாருக்கு," என்றார். சுவிட்சைப் போட்டேன். "மாமுக்கு." போட்டேன். பிஸ்மில்லாஹ்.

படகு போயிற்று. கொடியில்லை, கூண்டில்லை, மொட்டையாக, வேகமாக. நடுக்கால்வாய்க்குப் போய்ச் சேரும் நேரத்தில் வளைவில் இருந்து ஒரு விறகுப் படகு வந்தது. கூரை உயரத்துக்குச் சவுக்குக் கட்டை. முன்னால் ஒருவர் கோல் ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த! உங்க பூச்சிய ஓரம் கட்டு! மேல ஏறிடப் போவுது!"

"பாய், இப்பவே திருப்பிடுங்க," என்றேன்.

"இரு மச்சான். அவுருக்கும் வழி வேணும், நமக்கும் வழி வேணும். பின்னால சுத்தி வரட்டும்."

ஓர் அழுத்து. சுக்கான் வலம் போனதைத் தண்ணீரின் சுழிப்பில் பார்த்தேன். படகு வளைந்தது. ஏரியிலும் இதுவரை வந்தது, இதில் ஒன்றும் இல்லை. திரும்பினது பெரிசில்லை, நேராக வேண்டும். அதுதான் வாணியம்பாடிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருந்த கோடு. பாய் விரலைத் தூக்கினார்.

அதே நேரத்தில் விறகுப் படகு நடுவில் வந்து மறைத்துவிட்டது. எங்கள் கண்முன்னால் சவுக்குக் கட்டை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. நீளமான படகு. அவ்வளவு நீளமான படகை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கோல்காரர் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை. பாய் இரண்டு அழுத்து அழுத்தினார், பிடித்தார், விட்டார். கண்ணால் பார்க்காமல், மனசுக்குள் படகை வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"அட!" என்றார் கோல்காரர்.

விறகுப் படகின் வாலுக்குப் பின்னால் இருந்து எங்கள் மொட்டைப் படகு மூக்கை நீட்டியது. வட்டம் போடவில்லை. நேராக வந்தது. விறகுப் படகு கிளப்பிவிட்ட அலையில் ஏறி இறங்கி, ஒரு சாய்வு சாய்ந்து, மறுபடி நேராகி வந்தது. பாய் ஓர் அழுத்துக்கு வலம், விட்டதும் நேர், இரண்டுக்கு இடம், விட்டதும் நேர் என்று வேண்டுமென்றே பாம்பு மாதிரி வளைத்து வளைத்துக் கொண்டுவந்தார். மாமு முழு மூச்சில் உறுமிக்கொண்டிருந்தார், ஆனாலும் வாத்தியாருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது! சைக்கிள் கடைக்காரர் என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. கோல்காரர் கோலை மறந்துவிட்டார். விறகுப் படகு கரையில் போய் முட்டியது. அவர் அதற்கும் சிரித்தார்.

படகு என்னிடம் வரவில்லை, பாயிடமும் வரவில்லை. பாய் அதை நேராகப் பெரிய பாயின் காலடிக்கு ஓட்டிக்கொண்டு போய், செருப்பு நுனியில் டொக் என்று நிறுத்தினார்.

பெரிய பாய் குனிந்தார். இரண்டு கையாலும், தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுப்பது மாதிரி எடுத்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் தண்ணீர். உள்ளே கம்பிகளைப் பார்த்தார். ஒன்றும் புரிந்திருக்காது.

"மாஷா அல்லாஹ்," என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாணியம்பாடிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். முன்பாதி லாந்தரு, பின்பாதி ஒன் பேஜாரு," என்றார்.

"பாதி எதுக்குண்ணே, ஒண்ணாவே..."

"டேய்! பாதின்னா பாதி. நீ சொன்னதுதான, தட்டு தனியா இருக்கட்டும்னு?"

கரையே சிரித்தது. பாயும் சிரித்தார், ஆனால் அவர் அங்கே இல்லை. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் திசையில் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் கொஞ்சம் ஒதுக்கமாக இழுத்துப் போனார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், கரெக்டா சொல்லு. நம்ம டிரான்ஸ்மிட்டரு போடற சேதி இந்தப் போட்டுக்குக் கேக்குது. பக்கத்துல இன்னொரு போட்டு, அதுக்குன்னு ஒரு வாத்தியாரு, அவுருக்குன்னு பாட்டரி. அதுக்கும் கேக்கும்ல?"

"கேக்கும்."

"அது கேக்கறதால இதுக்குக் கொறையுமா?"

"குறையாது பாய். பத்துப் படகு கேட்டாலும் குறையாது. நூறு கேட்டாலும் குறையாது. காத்துல போறது அது."

அவர் நின்றுவிட்டார். இத்தனை நாள் டீயிலும் குடையிலும் தேடியதை யாரோ கையில் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு முகம். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாரும் கேளுங்க!" என்று கத்தி, அடுத்தது கடல்தான் என்று அறிவித்தார். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம், கடல் எப்போது அலை அடங்கிப் படுக்கும் என்று விசாரித்தார்.

"பங்குனியில படுக்கும் பாய். ஆனா அலையத் தாண்டணும். உன் போட்டு தாண்டுமா?"

"தாண்டும். ஒண்ணு இல்ல, ரெண்டு."

ஜவுளிக் கடைக்காரர் இன்னொரு கொடிக்குப் பட்டு தருவதாக அங்கேயே சொல்லிவிட்டார். முருக்க மரத்துக்கு நான் மறுநாள் காலையே படாளத்தில் சொல்லிவைத்தேன். பங்குனியில் அலைக்கு அந்தப் பக்கம் இரண்டு படகு, இந்தப் பக்கம் ஒரே பொத்தான்.